கொடைக்கானலில் 'அட்வான்ஸ்டு' ஸ்கூபா கோர்ஸுக்குப் பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்துக்கு

சீசன் நெருங்குகிறது. இந்தக் கோர்ஸ் என்று சொல்லி என்னை ஏமாற்றிய மனிதர் மறுபடியும் ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை.

நான் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் பாண்டிச்சேரியில் 'ஓப்பன் வாட்டர்' என்கிற முதல் நிலை ஸ்கூபா பயிற்சியை முறையாக முடித்தேன். அந்தத் தகுதிக்கு 18 மீட்டர் வரைதான் இறங்கலாம். அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தால் 30 மீட்டர். அந்தமானில் ஆழமாக இறங்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அப்போதுதான் ஏரிப் பக்கம் ஒரு விடுதியில் வகுப்பு நடக்கிறது என்று சொன்னார்கள். "எதுக்கு அக்கா அலையணும்? பாதியை இங்கேயே முடிச்சிடலாம், மீதிக்கு ராமேஸ்வரத்துல ஒரு நாள் போதும்" என்றார் அவர். 24,000 ரூபாய். நானும் கட்டினேன், வத்தலக்குண்டிலிருந்து வந்த ஒரு கல்லூரித் தம்பியும் கட்டினான்.

அந்தப் 'பாதி' என்பது விடுதியின் நீச்சல் குளம். ஐந்தடித் தண்ணீர், பல் கிட்டுகிற குளிர். அதில் இரண்டு தடவை முங்கியதை இரண்டு டைவ் என்று கணக்கு வைத்தார். அட்வான்ஸ்டுக்கு ஐந்து டைவ் வேண்டும், ஐந்தும் திறந்த நீரில்தான். ஆழ டைவும், காம்பஸ் வைத்துத் திசை பிடிக்கிற டைவும் கட்டாயம். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ராமேஸ்வரத்தில் பாக் விரிகுடாப் பக்கம் படகில் கூட்டிப்போனார். ஒரே கலங்கல். ஆழம் காட்டுகிற முள் ஏழு மீட்டரைத் தாண்டவே இல்லை. காம்பஸ் அவர் மணிக்கட்டிலேயே இருந்தது. கரையேறியதும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு டைவின் விவரத்தையும் எழுதிவைக்கிற எங்கள் லாக் புக்கை வாங்கி, ஒரே மூச்சில் ஐந்து பக்கத்தையும் நிரப்பினார். நான்காவது பக்கத்தில் 'ஆழம் 28 மீட்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் இறங்கிய கடலில் அந்த ஆழமே கிடையாது. கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க அக்கா" என்றார்.

பணம் போனதைவிட எனக்கு ஆறாதது அன்று சாயங்காலம் நடந்ததுதான். கடைசி டைவ் முடிந்தபோது பகல் ஒரு மணி. "இன்னைக்கே மலை ஏறலாமா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பிளைட்டுக்குத்தான் அக்கா, கார்ல போறதுக்கு என்ன?" என்றார். ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் இருந்தேன்.

வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வருவதற்குள் உப்பிக்கொள்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலே காற்றழுத்தம் குறைவு. டைவ் அடித்த உடம்பில் நைட்ரஜன் கரைந்து நிற்கும். அது மெல்ல வெளியேறுவதற்குள் மலை ஏறினால் உள்ளேயே குமிழியாகும். மூட்டு வலியோடு நிற்கலாம், தண்டுவடத்தையும் பாதிக்கலாம். டைவ் அடித்துவிட்டு விமானம் ஏறுவதற்குச் சொல்கிற காத்திருப்பு, 600 மீட்டருக்கு மேல் ஏறுகிற ரோட்டுக்கும் பொருந்தும். ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18. கொடைக்கானல் 2,100 மீட்டர்! அன்று நான் நிஜமாகவே 28 மீட்டர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அட்வான்ஸ்டு முடித்ததற்கான சான்று கார்டைக் கேட்டால் ஆறு மாதமும் "வந்துடும் அக்கா" என்ற ஒரே பதில்தான். அந்தமானில் ஹேவ்லாக் தீவில் டைவ் அடிக்கப் போன இடத்தில் என் பெயரைத் தேடிப் பார்த்தார்கள், ஓப்பன் வாட்டர் மட்டும்தான் இருந்தது. அங்கிருந்த பயிற்சியாளர் காம்பஸைக் கொடுத்து ஒரு சதுரம் நீந்திவரச் சொன்னார். மூன்றாவது திருப்பத்தில் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. மறுபடி பணம் கட்டி, முதலிலிருந்து ஐந்து டைவ். 29 மீட்டரில் அவர் ஒரு கையில் மூன்று விரலும் மறு கையில் நான்கு விரலும் காட்டிக் கூட்டச் சொன்னார். நான் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், விடை வரவில்லை. நைட்ரஜன் மயக்கம் என்பது இதுதான். அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் கரையில் இழுப்பதைப்போல நான்கு மடங்கு காற்றைத் தின்னும். பக்கத்தில் ஆள் இருந்து இதைக் காட்டித்தருவதற்குத்தான் அந்தப் பயிற்சி.

பணம் கட்டும் முன் பயிற்சியாளரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சான்று தருவதாக அவர் சொல்கிற அமைப்பின் இணையதளத்தில் சரிபாருங்கள். எத்தனை டைவ், எந்தக் கடல், எவ்வளவு ஆழம் என்று எழுத்தில் கேளுங்கள். ராமேஸ்வரத்தில் யாரிடம் டைவ் அடித்தாலும் அங்கேயோ மதுரையிலோ ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள்.

வத்தலக்குண்டுத் தம்பி, இதைப் பார்த்தால் உடனே கூப்பிடு. உன் லாக் புக்கிலும் 28 என்றுதான் எழுதியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு நீ லட்சத்தீவு கிளம்புகிறாய் என்று கேள்விப்பட்டேன்.