பின் பிரேக் பிஸ்டனைச் சுற்றி உள்ளே தள்ளும் டூல் செட்: மூன்று சக்கர பைக்குக்கு வாங்கலாமா?

வாங்கலாம். பிரேக் பேடை, அதாவது டிஸ்க்கை அழுத்திப் பிடித்துத் தேய்கிற கட்டையை, வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குங்கள் என்றே சொல்வேன். பின் பிரேக் பேடைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலையே இல்லை, புதுப் பேட் உட்கார இடம் உண்டாக்குவதில்தான் பாதி நேரம் போகிறது.

என்னுடையது முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று இருக்கிற வகை. கேன்-ஆம் ஸ்பைடரில் இருப்பது போலவே ஹேண்டிலில் பிரேக் லீவர் கிடையாது, காலில் மிதிக்கிற ஒரே பெடல்தான் மூன்று சக்கரத்தையும் பிடிக்கும். சைடு ஸ்டாண்டும் கிடையாது என்பதால் நிறுத்தினால் பார்க்கிங் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். அந்தப் பார்க்கிங் பிரேக் பின் காலிப்பருக்குள்ளேயே, அதாவது பிஸ்டனால் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிற கவ்விக்குள்ளேயே, இருக்கிறது. சிக்கலும் அங்கேதான்.

சாதாரண பைக்கில் பிஸ்டனை அழுத்தினால் அப்படியே உள்ளே போய்விடும். இந்த மாதிரிக் காலிப்பரில் பிஸ்டனுக்குப் பின்னால் மரை போட்ட ஒரு தண்டு இருக்கும், பேட் தேயத் தேய அது பிஸ்டனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்தி வைத்துக்கொண்டே வரும். அதனால் பிஸ்டனைத் திரும்ப உள்ளே கொண்டுபோக அழுத்தவும் வேண்டும், சுற்றவும் வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில். சி கிளாம்ப் (திருகி இறுக்கும் இரும்புக் கவ்வி) போட்டு வெறுமனே இறுக்கினால் மரை கெட்டுப்போகும், அதற்கப்புறம் காலிப்பரையே மாற்ற வேண்டியதுதான். போன தடவை நான் நோஸ் பிளையரை பிஸ்டனின் பள்ளங்களில் கொடுத்துச் சுற்றினேன், வழுக்கி, பிஸ்டனைச் சுற்றியுள்ள டஸ்ட் பூட் என்ற ரப்பர் உறை கிழிந்துவிட்டது. சின்ன ரப்பர்தானே என்று விட முடியாது, அது கிழிந்தால் தண்ணீரும் தூசியும் உள்ளே போய் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிடும். சீல் கிட் வாங்கி, காலிப்பரை முழுக்கப் பிரித்து, பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றி, ஒரு விடுமுறை நாளே போய்விட்டது.

இந்தச் செட்டில் ஒரு திருகுத் தண்டு, காலிப்பரின் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்க ஒரு தகடு, வேறு வேறு அளவில் முள் வைத்த வட்டத் தட்டுகள் இருக்கின்றன. பிஸ்டனின் பள்ளத்துக்குப் பொருந்துகிற தட்டை மாட்டி, தகடு எதிர்ப்பக்கம் முட்டுகிற வரை இறுக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் போதும், தள்ளுவதும் சுற்றுவதும் சேர்ந்தே நடக்கும். என் வண்டியில் வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும், சில காலிப்பரில் மரை எதிர்ப்பக்கம் இருக்கும், அதற்கு இடது மரைத் தண்டும் உள்ள செட்டாகப் பார்த்து எடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் பிஸ்டன் முழுக்க உள்ளே போய்விட்டது, ஒரு கீறல் இல்லை. ஆறு பக்கமும் முள் வைத்த சதுரக் கட்டை ஒன்றும் தனியாகக் கிடைக்கிறது. அதில் தள்ளுகிற வேலை முழுவதும் நம் கையில்தான், பிஸ்டன் கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும் வழுக்கும், அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

குறை இல்லாமல் இல்லை. இது காருக்காகச் செய்தது, தட்டுகளில் முக்கால்வாசி நமக்கு உதவாது. பைக் காலிப்பரின் வாய் குறுகலானது, தண்டு உள்ளே நுழையுமா என்பதே சந்தேகமாக இருந்தது, எதிர்ப்பக்கத் தகட்டை முதலில் உள்ளே வைத்துவிட்டு அப்புறம் தண்டைச் சாய்த்து நுழைத்தேன். வாங்கும் முன் உங்கள் காலிப்பரின் வாய் எவ்வளவு அகலம் என்று அளந்துகொள்ளுங்கள். தட்டைப் பிடித்துக்கொள்ளும் காந்தமும் பலவீனம், இரண்டு முறை கழன்று விழுந்தது.

டூல் நல்லதாக இருந்தாலும் சில விஷயங்களை அது பார்த்துக்கொள்ளாது. பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு, வண்டி நகராமல் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே தொடங்குங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் டப்பாவுக்குத் திரும்பி ஏறும், பெயின்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் அரித்துவிடும், அதனால் முன்கூட்டியே ஊசிக் குழாயால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். சுற்றும்போது டஸ்ட் பூட் பிஸ்டனோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளப் பார்க்கும், விளிம்பில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவி, ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்திப் பாருங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். பேடின் முதுகில் ஒரு சின்ன முனை இருந்தால் அது பிஸ்டனின் பள்ளத்துக்குள் உட்கார வேண்டும். இதைக் கவனிக்காமல் மாட்டினால் பேட் சாய்ந்து ஒரு பக்கமாகத் தேயும், இந்தச் செட் இருந்தால் பிஸ்டனைக் கால் சுற்று முன்பின் திருப்பிச் சரிசெய்வது சுலபம்.

பேட் நான் சின்டர்ட் வகை போட்டேன். உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்வது, மழையில் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் நாரும் பிசினும் கலந்து செய்த ஆர்கானிக் பேடை விட டிஸ்க்கை அதிகம் தேய்க்கும், முதல் சில நாள் லேசாகக் கிறீச்சிடும். போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம்.

எல்லாம் மாட்டிய பிறகு வண்டியை அசைக்கும் முன்னால் பெடலை இறுகும் வரை பல முறை மிதியுங்கள். முதல் மிதி வெறுமனே தரை வரை போகும், அப்படியே கிளம்பினால் பிரேக்கே இருக்காது. பிறகு ஆயில் அளவைப் பாருங்கள். புதுப் பேட் டிஸ்க்கோடு படிய, ஆளில்லாத சமதளத்தில் மிதமான வேகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாகப் பிடித்து விட்டேன், கடைசியாக ஒரு சரிவில் நிறுத்திப் பார்க்கிங் பிரேக்கைப் போட்டேன், அசையவில்லை.