ஐசியா, பாஸ்போர்ட்டா, லைசென்ஸா: கொழும்பில் எது கைகொடுக்கும்?

யாழினி என்று ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கிறது, அதில் பிழை இல்லை. அதைச் சிங்களத்தில் எழுதும்போது ழகரத்துக்கு அங்கே எழுத்தில்லாததால் ளகரமோ லகரமோ வந்து உட்காரும். ஆங்கிலத்துக்குப் போகும்போது ஒருவர் 'எல்' போடுவார், இன்னொருவர் 'இசட் எச்' போடுவார். பாடசாலைப் பதிவில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று. இத்தனை பத்திரமும் ஒரே ஆளுடையவைதான் என்று நிரூபிக்கச் சொல்லி வங்கிக் கவுண்டரில் கேட்கும்போதுதான் வில்லங்கம் தெரியவரும். கொழும்பில் தமிழ்ச் சனம் கையில் வைத்திருக்கும் அடையாளப் பத்திரங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்த அட்டை பெரிது என்பதைவிட எந்த எழுத்து எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் தேசிய அடையாள அட்டை, பேச்சில் ஐசி. 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் கொடுக்கப்படுகிறது. காலாவதித் திகதி இல்லை என்பது இதன் பெரிய பலம். பழைய லமினேட் அட்டை, 2017 ஒக்டோபரில் வந்த கடினமான புதிய அட்டை இரண்டும் புழக்கத்தில் உள்ளன. பழையதில் ஓரம் பிரிந்து, ஈரம் இறங்கி, படம் மங்கிவிடும்; பரீட்சை மண்டபத்தில் முகமோ இலக்கமோ தெளிவில்லையென்றால் பிரச்சினைதான். மொழியும் கவனிக்க வேண்டியது. 2014க்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் சிங்களத்தில் மட்டும் அட்டை, வடக்குக் கிழக்கில் சிங்களமும் தமிழும். அந்த அட்டையில் தமிழ் எழுத்து இருந்தாலே எந்த ஊர்க்காரர் என்று சோதனைச் சாவடியில் தெரிந்துவிடும். பின்பக்கத்தில் பிறந்த இடம் வேறு. பழைய அட்டை நல்ல நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள் என்றே சொல்வோம்.

இலக்கத்தைப் பற்றி வரும் குழப்பம் தனி. பழையது ஒன்பது இலக்கமும் 'வி' அல்லது 'எக்ஸ்' எழுத்தும், 2016இலிருந்து வருவது பன்னிரண்டு இலக்கம். பழையதில் முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள்; பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். 1985 ஜூன் 2இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 85654 என்று தொடங்கும். கலண்டரில் எண்ணினால் அது 153ஆவது நாள், அட்டையில் 154. இது பிழையில்லை, எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் வைத்தே கணக்குப் போடுகிறார்கள். இது தெரியாமல் திருத்தத்துக்கு அலைய வேண்டாம். பன்னிரண்டுக்கு மாற்ற, முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாவது இடத்துக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் சரி. பன்னிரண்டு இலக்க அட்டை கைக்கு வந்ததும், பழைய இலக்கத்தில் கணக்குத் திறந்த ஒவ்வொரு வங்கியிலும் இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். பழைய அட்டையைத் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். பின்னால் கடன் கேட்கப் போகும்போது அதுதான் தேவைப்படும்.

விண்ணப்பத்தில் சிக்கல் வருவது கிராம சேவகரிடம். பதினைந்து வயதில் பாடசாலையில் இருக்கும் பிள்ளைக்கு அதிபர் கையொப்பம் போதும். மற்றவர்களுக்குக் கிராம சேவகர், பிறகு பிரதேச செயலகம்: வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக்குத் திம்பிரிகஸ்யாய, கொட்டாஞ்சேனைக்குக் கொழும்பு. கிராம சேவகர் பார்ப்பது தேருநர் இடாப்பை, அதாவது வாக்காளர் பட்டியலை. வாடகை வீட்டில் இருப்பவரின் பெயரை இடாப்பில் சேர்க்க வீட்டுக்காரர் பெரும்பாலும் விரும்புவதில்லை, வீடு கைவிட்டுப் போய்விடும் என்ற பயம். பத்து வருஷம் வெள்ளவத்தையில் இருந்துவிட்டு, ஒரு கையொப்பத்துக்காக யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏறுபவர்கள் இதனால்தான். வாடகை ஒப்பந்தத்தைக் காலாவதியாக விடாமல் வைத்திருப்பதும், மின்சாரப் பட்டியல் வரும் விலாசத்தை ஒப்பந்தத்தில் உள்ளபடியே எழுதுவதும், வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வைப்பதும் உதவும். இடாப்பில் பெயர் சேரும்வரை இது தற்காலிக ஏற்பாடுதான்.

படம் எடுக்க அங்கீகரிக்கப்பட்ட ஸ்டூடியோவுக்குப் போக வேண்டும். படம் நேரடியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும், உங்களுக்கு ஒரு துண்டு தருவார்கள். அதைத் தொலைத்தால் மறுபடி படம் எடுக்க வேண்டிவரலாம். 2023 நவம்பர் முதல் கட்டணம் முதல் அட்டைக்கு 200 ரூபா, திருத்தத்துக்கு 500, தொலைந்ததற்கு 1,000. தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் வேண்டும். விண்ணப்பத்தில் பெயரை மூன்று மொழியிலும் உங்கள் கையாலேயே, பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துப்படி எழுதிக் கொடுப்பது இந்த 500 ரூபாவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

பாஸ்போர்ட் வெளிநாட்டுக்கு இன்றியமையாதது, உள்ளூரில் இரண்டாம் தரம்தான். பெரியவர்களுக்கு அதை எடுக்கவே அடையாள அட்டை வேண்டும். 2024 பெப்ரவரியிலிருந்து சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000. அந்த ஆண்டே வெற்றுப் பாஸ்போர்ட் புத்தகத் தட்டுப்பாட்டால் பத்தரமுல்லைக் குடிவரவு அலுவலகத்தில் இரவிரவாக வரிசை நின்றது. விலாசம் அதில் இல்லாததால் வங்கி வேறொரு பத்திரம் கேட்கும். காலாவதியானால் வாக்குச்சாவடியில் செல்லாது. ஆனால் ஆங்கில எழுத்துக்கு இதுவே அளவுகோல்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், விசா, மகனோ மகளோ அனுப்பும் காசு எல்லாம் இந்த எழுத்தோடுதான் ஒப்பிடப்படும். வீட்டில் பத்திரமாக இருக்கட்டும், தினமும் பையில் வேண்டாம்.

லைசென்ஸ் ஓட்டுபவர்களுக்கு மட்டும். இலகு வாகனத்துக்கு எட்டு வருஷம், கனரகத்துக்கு நான்கு. விலாசமும் அடையாள அட்டை இலக்கமும் உள்ளதால் நல்ல மாற்று. ஆனால் அட்டைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கொடுத்த கடதாசித் தற்காலிக லைசென்ஸை எல்லா இடத்திலும் அடையாளமாக நம்பிப் போகாதீர்கள்.

பெயர் ஒத்துப்போகாதபோது சமாதான நீதவான் முன் கையெழுத்திடும் சத்தியக்கடதாசி, அதாவது உறுதிமொழிப் பத்திரம், ஒட்டுத்துணி மாதிரி. ஒரு வங்கிக்குப் போதும், அடுத்த அலுவலகம் புதிதாக ஒன்று கேட்கும். பிழை பிறப்புப் பதிவிலேயே இருந்தால் அதைத் திருத்துவதுதான் நிரந்தரம். நேரம் எடுக்கும், ஆனால் ஒருமுறைதான். வடக்கில் பிறந்தவர்களின் பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் கொழும்பில் உள்ள பிரதேச செயலகத்திலேயே பிரதி எடுக்கலாம்.

இந்த வரிசையில் புதிதாக வரப்போவது டிஜிட்டல் அடையாளம். 2022 மார்ச்சில் இந்தியாவுடன் ஒப்பந்தம், 2023 ஓகஸ்டில் இந்தியா முற்பணமாக 45 கோடி இந்திய ரூபா கொடுத்தது. கைரேகை, கருவிழி, முகம் மூன்றும் பதிவாகும். நன்மை உண்டு: விலாசத்துக்கும் ஆளுக்கும் ஒவ்வொரு முறையும் கடிதம் தேடும் வேலை குறையலாம். தீமையும் தெளிவு. கொழுந்து பறித்த, சீமெந்து குழைத்த கைகளில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். கருவியில் வராவிட்டால் அதே கவுண்டரில் வேறு வழி இருக்க வேண்டும். எழுத்துப் பிழையை இது திருத்தாது. பழைய பிழையோடு ஏறினால் எல்லாத் திணைக்களத்துக்கும் ஒரே நேரத்தில் அது பரவும்.

நம்பிக்கையின்மை காரணமில்லாமல் வந்ததல்ல. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பைவிட்டு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டுத் தடுத்தது. யார் எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து வைத்த காலம் அது. அந்தப் பட்டியல் ஒரு நிலையத்தின் லாச்சியில் கிடந்த கடதாசி. தரவுத்தளம் எங்கிருந்தும் திறக்கக்கூடியது. 2020இல் ஊரடங்கின்போது அடையாள அட்டையின் கடைசி இலக்கம் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். ஓர் இலக்கத்தை வைத்து ஆளை நிறுத்த முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அதனால் கேட்க வேண்டிய கேள்விகள் குறிப்பானவை. என் விவரத்தை எந்தத் திணைக்களம் எப்போது பார்த்தது என்ற பதிவு எனக்குக் கிடைக்குமா? பொலிஸ் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் பார்க்க முடியுமா? இனம், பிறந்த ஊர் இரண்டும் சரிபார்ப்பவரின் திரையில் வருமா? 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது, முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டது. சட்டம் முழுதாக இயங்குவதற்கு முன் விரல் ரேகை கொடுக்கச் சொல்வது சரியான ஒழுங்கல்ல.

அதுவரை புதிய ஐசி பையில், பாஸ்போர்ட் அலுமாரியில், லைசென்ஸ் இருந்தால் துணைக்கு. டிஜிட்டல் அடையாளப் பதிவுக்குப் போகும் நாளில் பிறப்புச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள். பதிபவர் தட்டச்சு செய்ததைத் திரையில் காட்டச் சொல்லி, தமிழ் வரியை முதலில், சிங்கள வரியை அடுத்து, ஆங்கில வரியைக் கடைசியில், எழுத்துக்கு எழுத்து பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.