பழைய டீசல் பிக்கப் வாங்குவோருக்கு: பொலேரோ, தோஸ்த், யோதா – ஓர் ஒப்பீட்டு அலசல்

தேங்காய், காய்கறி, பால் கேன், துணி மூட்டை என்று நாள்தோறும் ஒரு டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை ஏற்றிச் செல்ல ஒரு டீசல் வண்டி வேண்டும், ஆனால் புதிய வண்டிக்கான மாதத் தவணையைத் தொழில் தாங்காது என்ற நிலையில் இருப்பவர், தமிழ்நாட்டில் பழைய வண்டி விற்பவர்களிடம் போனால் பெரும்பாலும் மூன்று பெயர்களையே கேட்பார்: மஹிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா யோதா. இவற்றில் எது நல்ல வண்டி என்று ஓட்டுநர்களிடம் கேட்டால் அவரவர் ஓட்டிய வண்டியைச் சொல்வார்கள். அந்தப் பதில் பொய்யில்லை என்றாலும் வாங்குபவருக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை, ஏனெனில் ஐந்தாறு ஆண்டுகள் ஓடி முடித்த வண்டியின் நிலையை அதன் பெயரைவிட அது சுமந்த பாரமே முடிவு செய்திருக்கும். ஆகவே என்ன எடை ஏற்றப் போகிறோம், எந்தச் சாலையில் ஓட்டப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே மாடலுக்குள் நுழைய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எடையை ஆர்.சி. புத்தகத்திலிருந்து தொடங்கலாம். அதில் மொத்த எடை, வெறும் வண்டியின் எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் சட்டப்படி நாம் ஏற்றக்கூடிய எடை. தோஸ்த் 2011-இல் அறிமுகமானபோது 1.25 டன் ஏற்றும் வண்டியாக வந்தது. பின்னர் வந்த தோஸ்த் பிளஸ் ஏறத்தாழ ஒன்றரை டன் ஏற்றக்கூடியது. பொலேரோ பிக்கப் என்ற ஒரே பெயரில் 1.25 டன் முதல் 1.7 டன் வரை பல வகைகள் உண்டு. விற்பவர் வெறுமனே “பொலேரோ” என்று மட்டும் சொல்லும்போது எது என்று ஆர்.சி.யைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். யோதாவும் அப்படித்தான் பல எடைப் பிரிவுகளில் விற்கப்பட்டது. 2022-இல் இரண்டு டன் ஏற்றும் யோதா 2.0 வந்தது.

இதில் பலர் கவனிக்காத ஒரு கோடு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆவது பிரிவின்படி மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. சந்தையில் 2,990 கிலோ என்று பதிவான வண்டிகளைக் காண்பதற்குக் காரணம் இந்தக் கோடுதான். 1.7 டன் வகைகள் இதைத் தாண்டிவிடுவதால், பெர்மிட் எடுப்பதும் அதை ஐந்தாண்டுக்கொரு முறை புதுப்பிப்பதும் கூடவே வரும் வேலைகளாகும். மாறாக, ஒன்றரை டன் ஏற்ற வேண்டியவர் பெர்மிட்டுக்கு அஞ்சிச் சிறிய வண்டியை வாங்கி அதில் அளவுக்கு மேல் ஏற்றினால், 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000 ரூபாய். ஓட்டுநர் உரிமத்தைப் பொறுத்தவரை மூன்றுக்கும் வேறுபாடு இல்லை. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிகளை இலகுரக வாகன உரிமத்தோடு ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

இனி எஞ்சினுக்கு வரலாம். தோஸ்த், ஓசூரில் அசோக் லேலண்டும் ஜப்பானின் நிசானும் சேர்ந்து உருவாக்கிய வண்டி, 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, காமன் ரெயில் (மின்னணுக் கட்டுப்பாட்டில் டீசலைச் செலுத்தும் முறை). தொடக்கத்தில் அதன் ஆற்றல் 55 குதிரைத்திறன், முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டர். பொலேரோ பிக்கப்பின் எஞ்சின் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர். பிஎஸ்-4 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி இருந்த காலத்தில் 63 குதிரைத்திறனும் 195 நியூட்டன் மீட்டரும் தந்தது. காகிதத்தில் குதிரைத்திறன் வித்தியாசம் சிறியதாகத் தெரிந்தாலும், பாரத்தோடு ஏற்றத்தில் நிற்கும் வண்டியை நகர்த்துவது முறுக்குவிசை. அதில் இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு இருக்கிறது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது வளைவுகளிலோ அன்றாடம் பாரத்தோடு ஏறுபவர் இந்த வித்தியாசத்தைக் கிளட்ச் பிளேட்டின் செலவாகவே உணர்வார். சிறிய எஞ்சின் மலையேறாது என்று நான் சொல்லவில்லை. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நீண்ட நேரம் உழைத்து ஏறும், அந்த உழைப்பு கிளட்சையும் டர்போவையும் தேய்க்கும். ஆகவே மலைப்பகுதியில் ஓடிய பழைய தோஸ்த்தைச் சமவெளியில் ஓடிய தோஸ்த்தின் விலைக்கு வாங்கக் கூடாது.

சமவெளியில் கணக்கு அப்படியே தலைகீழாக மாறுகிறது. பாரத்தோடு பொலேரோ லிட்டருக்கு 12 கிலோமீட்டரும் தோஸ்த் 15 கிலோமீட்டரும் தருவதாக ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர், மாதம் 26 நாள் ஓடினால் வித்தியாசம் ஏறத்தாழ 43 லிட்டர்; லிட்டர் 92 ரூபாய் என்றால் மாதம் சுமார் 4,000 ரூபாய், ஆண்டுக்கு 48,000 ரூபாய். ஒரு டன்னுக்குக் கீழே ஏற்றி ஒட்டன்சத்திரம், கோயம்பேடு போன்ற சந்தைகளுக்குச் சமவெளிச் சாலையில் ஓடுபவர், தான் ஒருபோதும் பயன்படுத்தாத முறுக்குவிசைக்காக இந்தத் தொகையைச் செலவழிக்க வேண்டியதில்லை. தோஸ்த்தில் ஓட்டுநர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்காருவதால் வண்டியின் நீளம் குறைகிறது. நெரிசலான கடைத்தெருக்களில் அது பெரிய வசதி. அதற்கு ஈடாக, எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருப்பதால் சூடு மேலே வரும், வேலை பார்க்க இருக்கையைத் தூக்க வேண்டும். பொலேரோவில் பானெட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். எந்த ஊர் மெக்கானிக்கும் தயங்காமல் கை வைப்பார். பழைய பொலேரோவின் விலை இறங்க மறுப்பதற்கு இந்த நம்பிக்கையும் ஒரு காரணம்.

யோதாவை நம் ஊர்களில் ஒப்பீட்டளவில் குறைவாகவே பார்க்கிறோம். ஆனால் அதன் வம்சம் பழையது. டாடாவின் 207 என்ற மூன்று லிட்டர் வண்டி பல ஆண்டுகள் உழைத்துக் கொடுத்த இடத்தைத்தான் 2017-இல் யோதா எடுத்துக்கொண்டது. பிஎஸ்-6 யோதாவின் 2.2 லிட்டர் எஞ்சின் 100 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டரும் தருகிறது. ஆற்றலில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் வர முடியாது. அதே வயதுள்ள பொலேரோவைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைத்து, உங்கள் ஊரிலிருந்து எளிதில் போய்வரும் தொலைவில் அதைப் பார்க்கத் தெரிந்த பட்டறையும் இருந்தால், கனமான பாரத்துக்கு யோதா நல்ல தேர்வு. இவ்விரண்டில் ஒன்று இல்லையென்றாலும் நான் பொலேரோவுக்கே திரும்புவேன். டாடாவின் இன்ட்ரா வி30 என்ற 1.3 டன் வண்டியும் 2020 வாக்கில் வந்திருக்கிறது. அது தோஸ்த்தோடு ஒப்பிட வேண்டிய வண்டி, பொலேரோவோடு அன்று.

மாடலைவிடவும் முக்கியமாக நான் கருதுவது, வண்டி எந்த மாசுக் கட்டுப்பாட்டுக் காலத்தைச் சேர்ந்தது என்பதை. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-4, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6, 2023 ஏப்ரல் முதல் அதன் இரண்டாம் கட்டம். பிஎஸ்-6 டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. பிடித்து வைத்த கரியை அது அவ்வப்போது 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்கு வண்டி ஒரே வேகத்தில் சற்று நீண்ட தூரம் ஓட வேண்டும். தண்ணீர் கேன் போடும் வண்டி, தெருத்தெருவாக நின்று நின்று போகும் வண்டி, நாள் முழுதும் ஐந்து கிலோமீட்டர் நடைகளாகவே ஓடும் வண்டி ஆகியவற்றில் அந்தச் சுத்திகரிப்பு பாதியிலேயே நின்றுபோகிறது, வடிகட்டி அடைகிறது, எரிப்பதற்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசல் சிலிண்டர் சுவர் வழியே எஞ்சின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதிலாக உயர்ந்திருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இப்படிக் குறுநடைக்காக வாங்குபவருக்கு 2017-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட பிஎஸ்-4 வண்டியே பொருத்தமானது. நெடுஞ்சாலையில் அன்றாடம் நீண்ட தூரம் ஓட்டுபவர் பிஎஸ்-6 வண்டியைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் ஸ்கேனர் வைத்திருக்கும் பட்டறையில் கரி அளவையும் பிழைக் குறியீடுகளையும் படித்துப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். புகைக்குழாயின் உள்வாயை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி வேலை செய்யும் வண்டியில் துணி அவ்வளவாகக் கறுக்காது; திட்டுத்திட்டாகக் கரி ஒட்டினால் முந்தைய உரிமையாளர் வடிகட்டியைக் கழற்றியோ குடைந்தோ விட்டிருக்கக் கூடும். அது சட்டவிரோதம்; அடுத்த எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுச் சோதனையில் அந்தச் சுமை உங்கள் தலையில் இறங்கும்.

அதற்கும் முந்தைய பிஎஸ்-3 வண்டிகள் விலையில் மலிவு. மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டிகளை மின்னணுக் கருவி இல்லாமலே சரிசெய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கொரு முறை என்பது போய் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பெயிண்ட், டயர், விளக்கு என்று ஆகும் செலவையும், வண்டி நிற்கும் நாட்களின் வருமான இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

வண்டியை நேரில் பார்க்கும்போது எஞ்சினுக்கு முன் சேசிஸைப் பாருங்கள். ஒருமுறை நான் பார்க்கப் போன பிக்கப் ஒன்றில் மேலே எல்லாம் பளபளவென்று இருந்தது. அடியில் படுத்துப் பார்த்தபோது பின் அச்சுக்கு மேலே சேசிஸில் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு சாண் பகுதி மட்டும் தனியாகத் தெரிந்தது. சுரண்டினால் உள்ளே வெல்டிங் தடம். இரண்டு டன்னுக்கு மேல் ஏற்றி முறிந்த சேசிஸை ஒட்டவைத்து விற்க வந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து கிலோமீட்டர் ரீடிங்கை நான் நம்புவதில்லை. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளை எண்ணிப் பார்க்கிறேன்: கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக ஒன்றோ இரண்டோ சேர்க்கப்பட்டிருந்தால் அந்த வண்டி அளவுக்கு மேல் சுமந்த வண்டி. பாரத்தைத் தாங்கும் என்ற பெயரினாலேயே பொலேரோவில் இது அதிகம் நடக்கிறது. ஆகவே மூன்றிலும் கூடுதல் சந்தேகத்தோடு அடியில் பார்க்க வேண்டியது, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் அந்த வண்டியைத்தான். பின் அச்சின் நடுவில் உள்ள கிரவுன் ஹவுசிங்கில் ஆயில் கசிவு, பின்சக்கர ஹப்பில் ஈரம், டயர்களின் ஒருபக்கத் தேய்மானம் ஆகியவையும் அதே கதையைச் சொல்லும்.

எஞ்சினைக் காலையில், அது குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். நீங்கள் போய்ச் சேரும் முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். முதல் சுற்றிலேயே பற்றுகிறதா, நீலப் புகை வருகிறதா என்று கவனித்து, ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள், ரிங்கும் லைனரும் தேய்ந்ததன் அடையாளம். காமன் ரெயில் எஞ்சினில் இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் அளவை, அதாவது அவை திருப்பி அனுப்பும் டீசலின் அளவை, டீசல் பம்ப் பட்டறையில் சோதித்துக்கொள்வது நல்லது. தோஸ்த்தில் மூன்று இன்ஜெக்டர், மற்ற இரண்டிலும் நான்கு என்பதும் பழுதுச் செலவில் கணக்கில் வரும்.

ஆவணங்களில், கடன் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது; நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கையில் வர வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு வட்டாரப் போக்குவரத்து அலுவலக எல்லையிலிருந்து வந்தால் படிவம் 28. நிலுவையில் உள்ள இ-சலான்களை எம்-பரிவாகன் செயலியில் விற்பவர் முன்னிலையிலேயே பார்த்துவிடலாம்.

சமவெளியில் 1.25 டன்னுக்குள் ஏற்றுகிறவர் ஒரே உரிமையாளரிடம் இருந்த பிஎஸ்-4 தோஸ்த்தைத் தேடுவதும், மலைக்கோ மண்சாலைக்கோ ஒன்றரை டன் ஏற்றுகிறவர் பட்டை சேர்க்காத பொலேரோவுக்குக் காத்திருப்பதும், நெடுஞ்சாலையில் கனமான பாரத்தோடு ஓடுகிறவர் பிஎஸ்-6 யோதாவையும் பொலேரோவையும் ஒரே நாளில் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்து முடிவு செய்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது. எதை வாங்கினாலும், ஓட்டிப் பார்க்கும்போது விற்பவரிடம் கேட்டு உங்கள் வழக்கமான எடையை ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். வெறும் வண்டியில் மூன்றுமே நன்றாகத்தான் ஓடும்.