ரிங்கோ லாம்: புறா பறக்காத துப்பாக்கிச் சண்டை

ஹாங்காங் ஆக்‌ஷன் படம் என்றதும் நமக்கு இயக்குநர் ஜான் வூதான். வெள்ளைப் புறா, ஸ்லோமோஷன், இரண்டு கையிலும் துப்பாக்கி. அதே காலத்தில் அவருடைய அதே நாயகன் சௌ யுன் ஃபாட்டை வைத்துப் படமெடுத்த ரிங்கோ லாமை மட்டும் 'ஹாலிவுட் டாரண்டினோ கதையைச் சுட்டாரே, அந்தப் படத்தின் இயக்குநர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வாரம் 'சிட்டி ஆன் ஃபயர்' (1987) ப்ளூரே கைக்கு வந்து, இரண்டு முறை பார்த்த பிறகு கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

டாரண்டினோ தன் 'ரிசர்வாயர் டாக்ஸ்' படத்துக்கு இதிலிருந்து எடுத்துக்கொண்டது கடைசிப் பகுதியைத்தான்: நகைக்கடைக் கொள்ளை, கிடங்கு, ஒருவர் மேல் ஒருவர் நீட்டும் துப்பாக்கி. (அதை நம்மூர் இந்திக்காரர்கள் 'காண்டே' என்று எடுத்தது தனிக் கதை.) ஆனால் லாமின் படம் அதற்கு முன்பே முக்கால்வாசி நடந்து முடிந்துவிடுகிறது. சௌ யுன் ஃபாட் இதில் கொள்ளைக் கூட்டத்துக்குள் ரகசியமாக அனுப்பப்பட்ட போலீஸ்காரன். பழைய வேலை ஒன்றில் நண்பனையே காட்டிக்கொடுத்த குற்றவுணர்ச்சி தூங்கவிடுவதில்லை, காதலி கல்யாணம் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அவன் யாரென்று தெரியாத இன்னொரு போலீஸ் குழு அவனையே துரத்துகிறது, மேலே இரண்டு அதிகாரிகளுக்குள் யார் பெரியவன் என்ற சண்டை. இத்தனைக்கும் நடுவில் அவன் ஓடுகிற ஓட்டத்தில் ஸ்டைலே இல்லை, மூச்சு வாங்குகிறது. குண்டு பட்டால் வலிக்கிறது. அதுதான் லாம். அந்த ஆண்டுக்கான ஹாங்காங் திரைப்பட விருதில் சிறந்த இயக்குநர் இவர்தான், சிறந்த நடிகர் சௌ யுன் ஃபாட். ஆக, அவர் ஊரில் யாரும் அவரைக் குறைத்து மதிப்பிடவில்லை, நாம்தான்.

அடுத்து 'பிரிசன் ஆன் ஃபயர்', அதே 1987, திரைக்கதை அவர் சகோதரர் நாம் யின். சிறைக்குள் சின்னச் சின்ன அவமானங்களாகவே ஏற்றிக்கொண்டு போய் கடைசியில் வெடிக்கவிடுகிறார். 'ஃபுல் காண்டாக்ட்' (1992) நேர் எதிர், பகட்டு, தோட்டாவின் கண்ணாலேயே கேமரா பறக்கும். பலர் கொண்டாடுகிறார்கள், எனக்கு அரை மனசுதான்.

ஹாலிவுட் ஆக்‌ஷன் நடிகர் வான் டாமை வைத்து லாம் எடுத்த படங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'மேக்ஸிமம் ரிஸ்க்' (1996) கார் துரத்தலுக்காக ஒரு தடவை பார்க்கலாம். ஹாலிவுட் போய்விட்டு வந்து எடுத்த 'ஃபுல் அலர்ட்' (1997) தான் தவறவிடக் கூடாதது. லாவ் சிங் வானின் போலீஸ்காரனும் ஃபிரான்சிஸ் எங்கின் குற்றவாளியும் ஒருவரையொருவர் துரத்தித் துரத்தி இரண்டு பேருமே தேய்ந்துபோகிறார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் யார் பக்கம் நிற்பதென்றே தெரியாது. 2018 டிசம்பரில் லாம் இறந்தபோது இந்தப் படத்தைப் பற்றி இங்கே யாரும் பேசி நான் கேட்கவில்லை.

சரி, வாங்குகிறவர்களுக்கு: கான்டனீஸ் (இந்த ஹாங்காங் படங்களின் மூல மொழி) ஒலி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நான் முன்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய பழைய டிவிடி ஒன்றில் ஆங்கில டப்பிங் மட்டும்தான். சௌ யுன் ஃபாட் அழுகிற இடத்தில் யாரோ வானிலை அறிக்கை வாசிப்பது போல இருந்தது.