நாயோடு ஹோட்டலில் தங்க ‘பேக்கேஜ்’ விற்கிறார்களா? பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், வாட்ஸ்அப் குழுக்களில் இந்த விளம்பரம் சுற்ற ஆரம்பித்துவிடும். நகர மையத்தில் ஹோட்டல் அறை, நாய்க்குத் தனிப் படுக்கை, புளோக்குக்குக் கீழேயே வந்து ஏற்றிச் செல்லும் கார், எல்லாம் சேர்த்து ஒரே விலை. ஜூன் விடுமுறைக்கு நாங்கள் இதற்கு 680 சிங்கப்பூர் வெள்ளி கட்டினோம். ஏமாற்றினார்கள். இப்போது டிசம்பருக்கு அதே ஆட்கள் அதே படங்களைப் போட்டு மறுபடி விற்கிறார்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

எங்கள் மணி கலப்பின நாய், இங்கே ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ என்று சொல்வோமே, அது. துவாஸ் பக்கம் தொழிற்பேட்டையில் சுற்றிக்கொண்டிருந்தவனை மீட்டு வளர்ப்புக்குக் கொடுத்தார்கள். 2012-இல் வந்த அடோர் திட்டத்தால்தான் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இவனைப் போன்ற நாய்களை வளர்க்க முடிகிறது. 18 கிலோ இருப்பான். கூண்டைக் கண்டால் நடுங்குவான். அவனை எங்காவது விட்டுவிட்டு நாங்கள் மட்டும் ஊர் சுற்றப் போவது நடக்காத காரியம். மலேசியாவின் ஜோகூருக்குக் கூட்டிப் போகலாமே என்று சிலர் கேட்பார்கள். சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் கிடையாது. அதைக் காப்பாற்றத்தான் எல்லை தாண்டிய நாய் திரும்பி வர இத்தனை கெடுபிடி: இறக்குமதி அனுமதி, தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல். ஒரு வார இறுதிக்காக நாயை அந்தப் பாடு படுத்த மனம் வருமா? அதனால் உள்ளூரிலேயே, எல்லாருமாகச் சேர்ந்து, மகளின் பிறந்தநாளை ஹோட்டலில் கொண்டாடலாம் என்று முடிவு செய்தோம்.

விற்பவரிடம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னோம். மணியின் எடை, இனம், உரிம எண், தடுப்பூசி அட்டையின் படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். “டோன்ட் வொரி சிஸ், ஹோட்டல்ல எல்லாம் பேசியாச்சு” என்று பதில் வந்தது. அந்த உரையாடல் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது.

போகும் நாளன்று வந்த கார் சாதாரண வாடகைக் கார். ஓட்டுநர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். மணியைப் பார்த்ததும் தயங்கி, நாய் வருவதாக யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. செல்லப் பிராணிகளை ஏற்றிச் செல்லத் தனிச் சேவையே இருக்கிறது. அதைப் பதிவு செய்தால் அதற்கு ஒத்துக்கொண்ட ஓட்டுநர்தான் வருவார். கட்டணம் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதலை மிச்சம் பிடிக்கத்தான் சாதாரணக் காரை அனுப்பியிருக்கிறார்கள். வழிகாட்டி நாயாக இருந்தாலொழிய எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற மாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சரியென்று நாங்களே செல்லப் பிராணிக்கான காரைப் பதிவு செய்து, அதற்குத் தனியாகக் காசு கொடுத்துப் போய்ச் சேர்ந்தோம்.

வரவேற்பு மேசையில் ஒரு தமிழ்ப் பெண். கணினியைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், மறுபடி கணினியைப் பார்த்தார். “அக்கா, உங்க பேர்ல நார்மல் ரூம்தான் புக் ஆகியிருக்கு. நாய் வருதுன்னு ஒரு வார்த்தைகூட இதுல இல்ல” என்றார். நான் நம்பவில்லை என்பதைப் புரிந்துகொண்டு திரையை என் பக்கம் திருப்பியே காட்டினார். விருந்தினரின் சிறப்புத் தேவைகளை எழுதும் கட்டம் காலியாகக் கிடந்தது. பதிவு செய்த தேதி அதே வாரம். நாங்கள் பணம் கட்டியது ஏப்ரலில்.

அந்த ஹோட்டல் நாய்களை ஏற்பது உண்மைதான். அதற்கென்று ஒரு மாடி ஒதுக்கியிருக்கிறார்கள். சுத்தம் செய்யத் தனிக் கட்டணம், கையெழுத்துப் போட ஒரு படிவம், தடுப்பூசிச் சான்று, எல்லாம் முறையாக இருக்கிறது. ஆனால் நாய் 15 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அதாவது அவர்கள் ஒழுங்காகப் பதிவு செய்திருந்தாலும் மணியை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். 680 வெள்ளி வாங்கியவர் அந்த ஒரு போனைப் போடவில்லை. அந்தப் பெண் மேலாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார், முடியவில்லை. மணிக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல சேவை அதுதான்.

விற்பவரைப் பிடிக்க வெகு நேரம் ஆனது. கடைசியில் பேசியபோது மன்னிப்பெல்லாம் இல்லை. “எங்க பார்ட்னர் போர்டிங்ல நாயை விட்டுடுங்க சிஸ், ஃப்ரீ” என்று ஒரு முகவரி அனுப்பினார். நானும் கணவரும் மணியோடு போய்ப் பார்த்தோம். என் அம்மாவும் மகளும் ஹோட்டலிலேயே இருந்தார்கள்.

அது ஒரு சாதாரண வீவக வீடு. வீவக வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம் என்பது இங்கே நாய் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்த விதி. அந்த வீட்டில் சமையலறையிலிருந்து கழிப்பறை வாசல் வரை கம்பிக் கூண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். சன்னல்களை அடைத்து வைத்திருந்தார்கள், குரைக்கும் சத்தம் வெளியே போகாமலிருக்க என்று நினைக்கிறேன். மேல் கூண்டிலிருந்து வழிந்த மூத்திரம் கீழ்க் கூண்டின் தட்டில் தேங்கியிருந்தது. அந்தக் கீழ்க் கூண்டில் ஒரு பூடில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்துத் தலையைத் தூக்கிவிட்டு இருமியது, இருமிக்கொண்டே இருந்தது. நாய்களுக்கு வரும் அந்த வறட்டு இருமல் பக்கத்தில் இருக்கும் நாய்க்குச் சட்டென்று தொற்றும். உரிமம் இருக்கிறதா என்று கணவர் கேட்டதற்கு, “டெம்பரரிதான் அங்கிள்” என்று பதில். மணி வாசற்படியைத் தாண்டவே இல்லை. கால்களை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான்.

காசு வாங்கிக்கொண்டு நாய்களைத் தங்கவைக்க உரிமம் கட்டாயம். அதைக் கொடுப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை. 2022 ஏப்ரலிலிருந்து அந்த நிபந்தனைகளை இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். இதை ஏதோ காகித விவகாரம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2018 டிசம்பரில் ஒரு வீட்டில் உரிமமில்லாமல் நடந்த நாய் விடுதியில் அதிகாரிகள் புகுந்து நாய்களை மீட்டது பலருக்கு நினைவிருக்கும். விடுமுறைக்குப் போனவர்கள் நம்பி விட்டுச் சென்ற செல்லங்கள் அவை. அவற்றில் ஒன்று உயிரோடு திரும்பவில்லை. அந்தக் கூண்டுகளைப் பார்த்தபோது எனக்கு அந்தச் செய்திதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் முகவரியோடு புகார் அனுப்பிவிட்டேன்.

அப்புறம் என்ன, கணவர் மணியோடு செங்காங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பினார். நான் ஹோட்டலுக்குப் போனேன். மகள் கேக் வெட்டும்போது அப்பாவும் மணியும் கைப்பேசித் திரையில் இருந்தார்கள். அவள் அழுததை நான் மறக்கப்போவதில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘அறையில் தங்கிவிட்டீர்கள், சேவை முடிந்தது’ என்கிறார்கள். பெரிய மனது பண்ணி, அடுத்த பயணத்துக்கு 80 வெள்ளி பற்றுச்சீட்டு தருகிறார்களாம். பயனீட்டாளர் சங்கத்திடம் போனோம், அவர்கள் எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. இப்போது சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. இணையத்திலேயே பதிவு செய்யலாம். அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள், அந்தப் பயத்தில்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, ஹோட்டல் பதிவின் படம் மூன்றும் கையில் இருந்தால் போதும். ஒரு விஷயம்: பேநவ் என்ற பணம் அனுப்பும் சேவைக்கு இவர்கள் கொடுத்தது ஒரு தனி ஆளின் கைப்பேசி எண். பதிவு செய்த நிறுவனமென்றால் நிறுவனப் பதிவு எண்ணுக்கே பணம் அனுப்பலாம். தனி ஆளின் எண்ணைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நாயோடு தங்க விரும்புகிறவர்கள் ஹோட்டலிடமே நேராகப் பேசுங்கள். எடை எவ்வளவு வரை, கட்டணம் ஓர் இரவுக்கா மொத்தமாகவா, வைப்புத்தொகை உண்டா, நாயை அறையில் தனியாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். தனியாக விடக் கூடாது என்று சொல்லிவிட்டால் நீங்கள் சாப்பிடப் போவதே பாடாகிவிடும், ஏனென்றால் உணவங்காடி நிலையத்துக்குள் நாயைக் கொண்டுபோக முடியாது. சில உணவகங்கள் வெளியே போட்டிருக்கும் மேசைகளில் அனுமதிப்பார்கள், அதையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் நாயின் எடையும் இனமும் எழுதியிருக்கும் பதிலை ஹோட்டலின் மின்னஞ்சலிலிருந்து வாங்காமல் ஒரு காசும் கட்டாதீர்கள். நடக்க இடம் வேண்டுமென்றால் நகர மையத்தில் ஃபோர்ட் கேனிங் பூங்கா இருக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போனால் பூமலை, அதாவது தாவரவியல் பூங்கா. அங்கே ஆர்க்கிட் தோட்டம் போன்ற சில பகுதிகளைத் தவிர மற்ற இடங்களில் கயிற்றோடு கூட்டிப் போகலாம். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், வெயில் ஏறிவிட்டால் நடைபாதைச் சூடு நாயின் பாதத்தைப் பொசுக்கிவிடும்.

டிசம்பருக்கு ஏற்கெனவே யாரிடமாவது இப்படிப் பணம் கட்டியிருந்தால், இன்றைக்கே அந்த ஹோட்டலைக் கூப்பிட்டு உங்கள் பெயரில் என்ன அறை இருக்கிறது, அதில் நாய் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உடனே எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பயணத் தேதிக்கு முன்பே கேட்டால், ‘தங்கிவிட்டீர்கள்’ என்று அவர்களால் சொல்ல முடியாது.