‘மாஸ்கரேட்’ புதையல் நூலோடு நான்கு ஆண்டுகள்

ஆங்கில ஓவியர் கிட் வில்லியம்ஸ் 1979இல் வெளியிட்ட ‘மாஸ்கரேட்’ என்னும் படநூல் என் கைக்கு வந்தபோது, இங்கிலாந்தில் அவர் புதைத்துவிட்டு, இடத்தை இந்நூலின் படங்களில் புதிராக மறைத்திருந்த தங்க முயல் தோண்டியெடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் விடையைத் தேடிப் படிக்காமல் புதிரை நானே அவிழ்ப்பது என்று உறுதி செய்துகொண்டு, நான்கு ஆண்டுகள் அந்நூலோடு உழைத்தேன்.

முதல் இரண்டு ஆண்டுகள் முழுவதும் தவறான பாதையில் சென்றன. ஒவ்வொரு படத்தைச் சுற்றிலும் எழுத்துகள் அடங்கிய ஓரச் சட்டம் ஒன்று இருப்பதால், அவ்வெழுத்துகளைக் கலைத்து அடுக்கினேன். எண்களாக மாற்றிக் கூட்டினேன். எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று பட்டியலிட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு ஊரின் பெயர் கிடைத்தது. ஆனால் அப்பெயரைப் பெற ஓரிரு எழுத்துகளை நான் விட்டுவிடவோ சேர்க்கவோ வேண்டியிருந்தது என்பதை அப்போது பொருட்படுத்தவில்லை.

விடையை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். மறைந்துள்ள புதிரை அவிழ்க்கக் கண்களைப் பயன்படுத்த வேண்டும் என்று நூலின் தொடக்கப் பாடல் கூறுகிறது. கூர்ந்து பார்க்கச் சொல்கிறார் என்றே அதை வெகுகாலம் எண்ணியிருந்தேன். அவர் குறித்ததோ படத்திலுள்ள உயிர்களின் கண்களை. ஓர் உயிரின் இடக்கண்ணிலிருந்து இடக்கையின் மிக நீண்ட விரல் வழியாகக் கோடு இழுத்தால் அது ஓரச் சட்டத்தின் ஓர் எழுத்தைத் தொடுகிறது. அதே கண்ணிலிருந்து இடக்காலின் நீண்ட விரல் வழியாக அடுத்த எழுத்து, பின்னர் அவ்வாறே வலப்புறம். ஐசக் நியூட்டன் தோன்றும் படம் இம்முறையைச் சுட்டிக்காட்டுகிறது. 15 படங்களிலும் கிடைக்கும் சொற்களை வரிசைப்படுத்தினால், சம இரவு நாளின் நண்பகலில் கேத்தரீனின் நீண்ட விரல் நிழலிடும் இடத்தைக் கூறும் வாக்கியம் உருவாகிறது. அவற்றின் முதலெழுத்துகளோ ‘ஆம்ப்ட்ஹில் அருகே’ என்று ஆங்கிலத்தில் படிக்கக் கிடைக்கின்றன. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியரில் முதல்வரான கேத்தரீனின் நினைவுச் சிலுவை ஆம்ப்ட்ஹில் பூங்காவில்தான் நிற்கிறது. இவ்விடைக்கு என் உதவி எதுவும் தேவைப்படவில்லை.

நூலைக் கையாளும்போது, பக்கத்தின்மீது ஒளி ஊடுருவும் தாளை வைத்து, கூர்மையான பென்சிலால் கோடிடுவது நல்லது. அளவுகோல் சற்றே சாய்ந்தாலும் கோடு பக்கத்து எழுத்தில் சென்று முடியும். ஒரு படத்தில் நான் மூன்று வாரம் தடுமாறியதற்கு அதுவே காரணம்.

குறை என்று சொன்னால், இந்நூலில் படிப்படியான உறுதிப்பாடு இல்லை. திறவுச்சொல் ஒன்றைக் கொண்டு எழுத்துகளை மாற்றி எழுதும் விஜெனேர் சங்கேதத்தில் அச்சொல்லின் நீளத்தைச் சரியாகக் கணித்தவுடனேயே எழுத்துகளின் பரவல் ஒழுங்குபடத் தொடங்கி, நாம் செல்லும் வழி சரியென்று காட்டிவிடும். இங்கோ முறை பிடிபடும்வரை இருள்தான். ஆனால் 1982இல் பைரன் பிரைஸ் வெளியிட்ட ‘தி சீக்ரெட்’ நூலோடு ஒப்பிட்டால் இது மிக நேர்மையான புதிர் என்பேன். அதில் புதிராகக் குறிக்கப்பட்ட, மண்ணில் புதைக்கப்பட்ட 12 பெட்டிகளுள் 1983, 2004, 2019 ஆகிய ஆண்டுகளில் மூன்று கிடைத்துள்ளன. விடை சரியா என்பதை அங்கே மண்வெட்டிதான் சொல்ல வேண்டும். ஓராண்டாக அதன் ஒரே ஒரு படத்தோடு போராடி வருகிறேன். எழுத்தைச் சேர்த்தாலோ விட்டாலோ மட்டுமே பொருந்தும் விடையை இப்போது அன்றே அடித்துவிடுகிறேன். அதனால் என் குறிப்பேட்டில் இன்னும் ஓர் ஊரின் பெயர்கூட இல்லை.