கியர் ஆயில் மாத்தினதுக்கு 13,800 ரூபாய், போல்ட்டையே தொடல!

இன்னைக்கு மத்தியானம்தான் விஷயம் தெரிஞ்சுது. இன்னும் கோவம் அடங்கல, எழுத்து முன்ன பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

என்னோடது 2018 மாடல் ஹோண்டா சிட்டி, சிவிடி (பெல்ட்டுல ஓடற ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர்). 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. ரெண்டு மாசமா சிக்னல்ல நின்னு கிளம்பறப்ப லேசா ஒரு உதறல். ஆயில் மாத்தற நேரம் தாண்டிடுச்சுன்னு எனக்கே தெரியும். கோயமுத்தூர்ல எல்லா கம்பெனி வண்டியும் பாக்கற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். ஏசி ரூம், காபி மெஷின், எல்லாம் இருக்கு. பேர் போடல, வக்கீல் நண்பர் இப்போதைக்கு வேண்டாம்னுட்டார்.

அங்க இருந்த பையன் வெள்ளை டிஷ்யூல ஒரு சொட்டு ஆயிலை வச்சு நீட்டினான். கன்னங்கரேல்னு, கருகின வாடை. "பாருங்கண்ணா, உங்க வண்டிதான். இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினா கியர்பாக்ஸே போயிடும், ரெண்டு லட்சம்." அந்த டிஷ்யூவுல விழுந்தேன் நான். மெஷின் வச்சு பழைய ஆயிலை முழுசா வெளியேத்திப் புதுசு ஊத்தற 12 லிட்டர் ஃப்ளஷ், 13,800 ரூபாய்னான். உள்ள வந்து பாக்கறேன்னேன், சேஃப்டி ரூல், விடமாட்டோம்னான். ஒன்றரை மணி நேரம் கழிச்சு ஒரு பாட்டில் நிறைய கறுப்பு ஆயிலைக் கொண்டாந்து காட்டினான். நானும் போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன், பெருமையா!

உதறல் அப்படியே இருந்துச்சு. மூணாம் நாள் போன் பண்ணினா, "புது ஆயில் செட்டாகணும்ணா, 500 கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். அப்புறம் "கம்ப்யூட்டர் ரீசெட் பண்ணணும், அது தனியா 2,500." அடுத்த தடவை, வேலை பாத்த பையன் ஊருக்குப் போயிட்டான். நேர்ல போனா, மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார். நாலு மணிக்கு என்ன சாப்பாடோ!

இன்னைக்கு துடியலூர்ல ஒரு பழைய மெக்கானிக்கிட்ட விட்டேன். வண்டியைத் தூக்கி, கீழ் கவரைக் கழட்டினார். "ஏஞ்சாமி, எப்ப ஆயில் மாத்துனீங்கன்னு சொன்னீங்க?" பழைய ஆயிலை இறக்கக் கழட்டற ட்ரெயின் போல்ட்டுல, ராட்செட் ஸ்பேனர் முனை போற சதுரக் குழி இருக்கும். அதுல சேறு காஞ்சு கல்லா அடைச்சுக் கிடக்கு. ஸ்க்ரூ டிரைவரால குத்தித்தான் எடுத்தார். திறந்தா அலுமினிய வாஷரைப் புதுசா போடணும், பளபளன்னு தெரியும். இது அழுக்குல போல்ட்டோட ஒட்டியே கிடக்கு. ஆக அந்த டிஷ்யூ, அந்த பாட்டில், எல்லாம் எவன் வண்டியோடதோ.

இன்னொரு கூத்து. அந்த பெரிய கடையில குடுத்த சீட்டுல டெக்ஸ்ரான் 6, 12 லிட்டர்னு எழுதியிருக்கு, அது சாதா ஆட்டோமேட்டிக் கியர் ஆயில். இந்த வண்டிக்கு ஹோண்டாவோட சிவிடி ஆயில் ஹெச்சிஎஃப்-2தான் ஊத்தணும். சிவிடில இரும்பு பெல்ட் ரெண்டு புல்லிக்கு நடுவுல பிடிச்சு ஓடுது, சாதா ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊத்தினா பிடி வழுக்கி பெல்ட்டு தேயும். "ஏமாத்துனதோட விட்டான், நெசமாவே ஊத்தியிருந்தா தொலைஞ்சீங்க"ன்னு மெக்கானிக் சிரிக்கறார். எனக்குச் சிரிப்பு வரல. 13,800 ரூபாய்ங்க.

சாயங்காலம் அந்த பெரிய கடைக்குப் போன் பண்ணினா, "பில் இருக்காண்ணா?" எடுத்துப் பாக்கறேன், மேல 'எஸ்டிமேட்'னு இருக்கு. ஜிஎஸ்டி நம்பர் இல்ல. ஜிபேல போன காசும் கடை பேர்ல போகல, யாரோ தனி ஆள் பேர்ல.

என்னென்ன கவனிக்கணும்னு விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. உங்க கண் முன்னாடி போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்க. மேனுவல்ல போட்ட ஆயில் டப்பா சீலோட வரட்டும். பழைய வாஷரைக் கேட்டு வாங்குங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம காசு குடுக்காதீங்க. அவ்வளவுதான் இப்ப தோணுது. 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல சொல்லியிருக்கேன், என்ன ஆகுதுன்னு பாக்கலாம்.

வண்டி துடியலூர்லயே நிக்குது. சரியான ஆயில் நாளைக்குக் காலைல வருதாம். போல்ட்டைத் திறக்கறப்ப பக்கத்துலயே குத்த வச்சு உக்காந்திருப்பேன், அவர் கோவிச்சுக்கிட்டாலும் சரி.